தானே சூடாகும் பாறை

ஜூன் 3, செவ்வாய்

இன்று சுரங்கத்தின் அடிமட்டப் படியில் கறுப்புப் பாறை தென்பட்டது.

ஆரவல்லிக் குன்றுகளுக்கு நடுவே துத்தநாகம் எடுக்கிற திறந்தவெளிச் சுரங்கம் இது. மலையைத் தோண்டிச் செய்த பெரிய கிண்ணம்போல், சுற்றிலும் படிப்படியாகக் கீழே இறங்கும். வெடி வைப்பது என் பொறுப்பு. எந்தப் படியில் துளை போடுவது, எவ்வளவு மருந்து இறக்குவது, எப்போது வெடிப்பது எல்லாம் என் கையெழுத்தில்தான் நடக்கும். நெய்வேலியிலிருந்து வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இத்தனை நாளும் சாம்பல் நிறப் பாறைதான். சொன்னபடி கேட்கும்.

காலையில் இறங்கியபோது பாறைச் சுவரோரம் கசிந்த தண்ணீர் காவி நிறத்தில் தேங்கியிருந்தது. பழைய தீப்பெட்டியைத் திறந்ததுபோல் ஒரு நெடி. கையுறையோடு ஒரு துண்டைப் பெயர்த்தேன். கறுப்பு. அதில் பித்தளைத் தூள் தூவியதுபோல் மினுமினுப்பு. வெயிலே படாத மூலை. ஆனாலும் கல் கதகதவென்று இருந்தது.

கலவை லாரி வந்ததும் ஜெபசிங்கிடம் காட்டினேன். அவர் வெடிமருந்துக் கம்பெனி ஆள். எமல்ஷன் என்கிற வெள்ளைக் கூழை லாரியிலேயே கலந்து குழாய் வழியாகத் துளைகளுக்குள் இறக்குகிறவர். சாத்தான்குளத்துக்காரர்.

"இது நல்ல கல்லு இல்ல மேடம். கையில வச்சாலே சுடுதே, பாத்தியளா?"

"பாத்தேன். சோதனை பண்ணாம இதுல ஒரு துளைகூட நிரப்ப விடமாட்டேன்."

"நீங்க விட்டாலும் நான் நிரப்பமாட்டேன்லா" என்று சிரித்தார்.

இந்த மலைகளில் எனக்குத் தமிழ் பேச அவரை விட்டால் ஆள் இல்லை. அவருக்கும் அப்படித்தான். தாய்மொழியில் பேசக் கிடைப்பது உடம்புக்கு நல்லது. அதனால்தான் அவர் வருகிற நாட்களில் வேலை சலிப்பதில்லை.

குவார்ட்டர்ஸில் ஏர்கூலர் மறுபடி ரிப்பேர்.

ஜூன் 8, ஞாயிறு

மாவு வந்தது. ஜெபசிங் ஊரிலிருந்து ஒரு கிரைண்டரை இரண்டு நாள் ரயிலில் சுமந்து வந்து வைத்திருக்கிறார். சனிக்கிழமை அரைத்தால் ஞாயிறன்று எனக்கும் ஒரு தூக்குவாளி. வாசலில் நின்றபடி கொடுத்துவிட்டுப் போய்விடுவார். உள்ளே வாருங்கள் என்று நானும் சொல்வதில்லை, காலனியில் கண்கள் அதிகம்.

"நேத்து வெயிலுக்கு நல்லாப் புளிச்சிட்டு. இன்னைக்கே சுட்டுருங்க. பேத்திக்குச் சொல்லுத மாதிரி சொல்லுதேன்னு நெனைக்காதிய."

"பேத்தியா? உங்களவிட அஞ்சு வயசுதான் சின்னவ நான்."

காது வரை சிவந்துவிட்டார். அவருக்குப் பேத்தி கிடையாது. நர்சிங் படிக்கிற ஒரு மகள் மட்டும். மனைவி இறந்து வெகுகாலம் ஆகிறது.

தோசை நன்றாக வந்தது. தனி ஆளுக்கு அவ்வளவு மாவு அதிகம்.

ஜூன் 9, திங்கள்

கறுப்புப் பாறையை இடித்துப் பொடியாக்கி, கம்பெனி எமல்ஷனில் உள்ள அம்மோனியம் நைட்ரேட் உப்போடு கலந்து, கண்ணாடிக் குழாய்களில் போட்டு வெந்நீர்த் தொட்டியில் நிறுத்தியிருக்கிறேன். தொட்டியின் சூடு மாறாது. குழாய்க்குள் சூடு ஏறினால் பாறையும் உப்பும் ஒன்றையொன்று தின்னத் தொடங்கிவிட்டன என்று பொருள். பூமிக்குள் அது நடந்தால் புகை வரும், சூடு ஏறும், பிறகு யாரும் பொத்தானை அமுக்காமலே வெடிக்கும். மேலே ஆட்கள் நிற்கிறார்களா என்று அதற்குத் தெரியாது.

சில நாள் காத்திருக்க வேண்டும்.

ஜூன் 12, வியாழன்

தங்கை தமயந்தி போன் செய்தாள். விருத்தாசலத்தில் ஒரு பேங்க் மேனேஜர், மனைவியை இழந்தவர், பிள்ளைகள் செட்டில் ஆகிவிட்டார்கள்.

"நீ எத்தன வருஷம்தான் அந்தக் காட்டுல கிடப்ப? புருஷன விட்டுட்டு வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னமும் யாருக்கு தண்டனை குடுக்குற?"

"யாருக்கும் குடுக்கல. வேல இருக்கு."

"வேலைன்னா வேலை மட்டும்தானா?"

அவளுக்கு என்ன தெரியும். குழாய்களைப் பார்க்கப் போகவேண்டும் என்று வைத்துவிட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

ஏறிவிட்டது. விடியற்காலையிலிருந்து மெல்ல மெல்ல ஏறி, மதியத்துக்குள் குழாயின் கழுத்தில் செம்பழுப்புப் புகை நின்றது. ஐயமே இல்லை.

இதற்கு ஒரே வழி, யூரியா கலந்த எமல்ஷன். வயலுக்குப் போடுகிற அதே யூரியா. அது இந்த வினையை அமுக்கி வைக்கும். ஜெபசிங்கின் கம்பெனிக்கு இந்தப் பக்கத்தில் அதைத் தயாரிக்கிற வசதி இல்லை. இன்னொரு கம்பெனிக்கு உண்டு. அதாவது, நான் அறிக்கை எழுதினால் ஒப்பந்தம் மாறும். லாரி போகும்.

இன்னொரு முறை சோதித்துப் பார்க்கலாமா என்று தோன்றியது. விதிப்படி தேவையில்லை. பார்க்கவில்லை.

மாலையில் அவரே ஆய்வகத்துக்கு வந்தார். குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"எழுதிட்டியளா?"

"இன்னைக்கே எழுதணும்."

"எழுதுங்க." குழாயைத் திரும்ப அதன் இடத்தில் நிறுத்தினார். "நீங்க எழுதலன்னா நான் எழுதச் சொல்லியிருப்பேன். அப்ப உங்க மேல மரியாத போயிருக்கும்."

எழுதி அனுப்பிவிட்டேன்.

ஜூன் 14, சனி

தலைவலி. துணி துவைத்தேன்.

ஜூன் 20, வெள்ளி

கூட்டம். ஜெனரல் மேனேஜர் சக்சேனா முதலில் முறுக்கிக்கொண்டார். கறுப்புப் பாறைக்குப் பின்னால்தான் நல்ல தாது இருக்கிறது, அதைத் தொடாமல் எத்தனை நாள் இருப்பது என்றார். குழாய்களின் படங்களை மேசையில் பரப்பினேன். கடைசியில் ஒப்புக்கொண்டார். ஜூலை முடிந்ததும் புதுக் கம்பெனி வரும். அதுவரை கறுப்புப் பாறையைத் தொடுவதில்லை. மேலே சாம்பல் படிகளில் மட்டும் வேலை.

அந்தப் படிகளுக்கும் கட்டுப்பாடுகள் போட்டேன். நிரப்புவதற்கு முன் ஒவ்வொரு துளைக்குள்ளும் வெப்பமானி இறக்கிப் பார்க்க வேண்டும். துளையின் வாயைத் தோண்டிய மண்ணால் மூடக்கூடாது. வெளியிலிருந்து வந்த ஜல்லியால்தான் மூட வேண்டும். தரையில் சிந்திய மருந்தை அப்படியே விடக்கூடாது. காலையில் நிரப்பியதை மாலைக்குள் வெடித்துவிட வேண்டும். இரவு தங்கவிடக் கூடாது.

துளை போடும் குழுவின் தலைவர் பேரூலால் தலையைச் சொறிந்தார். "இத்தனை நாளாக இல்லாத சடங்கெல்லாம் எதற்கு மேடம்?" என்று இந்தியில் கேட்டார். பதிலை ஜெபசிங்கே சொன்னார், தன் உடைந்த இந்தியில். எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் கேட்டுக்கொண்டார்கள்.

அவருடைய வேலையைப் பறிக்கிற தீர்மானத்துக்கு அவரே ஆள் திரட்டிக் கொடுக்கிறார்.

ஜூலை 2, புதன்

மழை ஆரம்பம். மலை ஒரே நாளில் பச்சையாகிவிட்டது. ஜெபசிங் துளை துளையாக வெப்பமானி இறக்கிச் சத்தம்போட்டு எண்ணைச் சொன்னார், நான் குறித்தேன். வேறு பேச்சு இல்லை. ஆனாலும் காலை முழுவதும் பேசிக்கொண்டே இருந்ததுபோல் இருந்தது.

இன்னும் நான்கு வாரம்.

ஜூலை 6, ஞாயிறு

மாவு வந்தது. இன்று, "உள்ள வந்து ஒரு காபி குடிச்சிட்டுப் போங்களேன்" என்றேன். எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மகள் ரூபியின் படத்தைக் காட்டினார். பல்வரிசை அவருடையது. ஜூலைக்குப் பிறகு எங்கே போவீர்கள் என்று கேட்டேன். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கு அனுப்புவதாகப் பேச்சு என்றார்.

"அது வெள்ளக் கல்லு. சாதுவான கல்லு. தூங்கிக்கிட்டே வேல பாக்கலாம்."

"அப்ப நல்லதுதான்."

"நல்லதுதான்" என்றார் அவரும்.

காபி டம்ளரை அவரே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 11, வெள்ளி

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலையில் மூன்றாம் படியில் நிரப்பினோம். சாம்பல் பாறை. வெப்பமானியில் எல்லாத் துளையும் சரி. மதியத்துக்குள் மருந்து இறக்கி, ஜல்லி போட்டு மூடியாகிவிட்டது. இணைப்பு வயர்களை ஓட்டவேண்டியது மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்து மேற்கே இடி இடித்தது. மின்னல் அடிக்கும்போது மருந்து நிரப்பிய படியில் யாரும் நிற்கக்கூடாது. எல்லோரையும் வெளியேற்றினேன். கலவை லாரி மட்டும் படியின் கிழக்கு மூலையில் சேற்றில் புதைந்துவிட்டது. அதை அப்படியே விட்டுவிட்டு ஜெபசிங்கும் வந்துவிட்டார்.

மழை கொட்டித் தீர்த்தது. வெகுநேரம் விடவில்லை. மின்னல் முழுக்க நின்றபிறகு, "வண்டிய எடுத்துரட்டுமா?" என்று கேட்டார். எடுங்கள் என்றேன். அவர் கிழக்குப் பக்கச் சரிவுவழி இறங்கினார். நான் மேற்கிலிருந்து படிக்குள் தனியாக நடந்து ஒவ்வொரு துளையாகப் பார்த்துக்கொண்டே போனேன். பேரூலாலும் ஆட்களும் இரண்டு பக்கத் தடுப்புகளுக்கு வெளியே நின்றார்கள்.

நடு வரிசையில் ஒரு துளையின் ஜல்லியிலிருந்து ஆவி எழுந்தது. சூடான தரையில் மழை பெய்தால் ஆவி வரும், அதுதான் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு அதன் நிறம் தெரிந்தது. செம்பழுப்பு. குழாயின் கழுத்தில் பார்த்த அதே நிறம். மூக்கில் காரமாக ஏறியது.

ரேடியோவில் எல்லோருக்கும் சொன்னேன்: துளை புகைகிறது, எல்லோரும் தூரப் போங்கள், எதையும் எடுக்காதீர்கள். சொல்லிக்கொண்டே மேற்கே ஓடினேன். திரும்பிப் பார்த்தால் லாரியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. சக்கரம் சேற்றை வாரி அடித்தது.

அவர் கிளம்பவில்லை.

தமிழில் பேசினேன். சுரங்கம் முழுக்க அந்த ரேடியோவைக் கேட்கும்.

"ஜெபசிங், இறங்கி ஓடுங்க."

"மேடம், தொட்டியில மருந்து மிச்சம் கெடக்கு. ஒரே ஒரு இழுப்பு, வந்துரும். இத இங்க விட்டா—"

"இருக்கட்டும். இறங்குங்க."

"வண்டி போச்சுன்னா—"

"எனக்கு வண்டி வேண்டாம்! நீங்க வாங்க!"

விளக்கு எரிந்தபடியே இருந்தது. கதவு திறந்ததா என்று தூறலில் தெரியவில்லை. நான் தடுப்பைத் தாண்டிப் பாறைக்குப் பின்னால் விழுந்தேன். அப்போது வெடித்தது.

நான் எத்தனையோ வெடிகளைக் கேட்டிருக்கிறேன். எல்லாம் நானே எண்ணி முடித்து வெடித்தவை. எண்ணாமல் வந்த வெடியை இன்றுதான் கேட்டேன். பக்கத்துத் துளைகளும் சேர்ந்துகொண்டன. கல் மழையாகப் பெய்தது. பிறகு ஒன்றும் இல்லை. கிழக்கு மூலையில் தூசியும் புகையும் மட்டும்.

ரேடியோவில் அவர் பெயரைச் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். பதில் இல்லை. அந்தப் பக்கம் போக வழி இருந்தது, வெடிக்காத துளைகள் நிறைந்த படி வழியாக. அதில் யாரையும் விடக்கூடாது என்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். என்னையும்தான். நின்றேன்.

எவ்வளவு நேரமோ. பேரூலாலின் குரல் வந்தது. "ஆள் இங்கே இருக்கிறார் மேடம். சரிவில் கிடந்தார். மூச்சு இருக்கிறது. காதில் ரத்தம்."

கிழக்குப் பக்கம் ஆம்புலன்ஸ் வந்ததையும் போனதையும் இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். மீதித் துளைகளை யார் காவல் காப்பது? லாரியை மீட்க ஆள் அனுப்பலாமா என்று சக்சேனா கேட்டார். நாளை வரை ஒரு ஈ கூட உள்ளே போகாது என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே பேசவில்லை.

இருட்டும் வரை தடுப்பில் நின்றேன். ஈரத் துணியோடு.

ஜூலை 13, ஞாயிறு

இன்றுதான் உதய்பூர் மருத்துவமனைக்குப் போக முடிந்தது. தலையில் கட்டு. விலாவில் கட்டு. இடது பக்கம் நின்று கூப்பிட்டேன், அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸ் தோளைத் தொட்டதும்தான் திரும்பினார்.

"இந்தப் பக்கம் வாங்க மேடம். அந்தக் காது போயிட்டு."

வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். கொண்டுபோன ஆரஞ்சை உரித்தேன்.

"வண்டி என்னாச்சு?"

"முன்னாடி கண்ணாடி, கூரை எல்லாம் நசுங்கிடுச்சு. தொட்டி தப்பிச்சிது."

"நல்லவேள." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "ரேடியோல ஒண்ணு சொன்னிய" என்றார்.

"என்ன சொன்னேன்?"

"வண்டி வேண்டாம்னு."

"அந்த நேரத்துல வேற என்ன சொல்றது?"

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்."

சுளைகளைத் தட்டில் வைத்தேன். அவர் இரண்டு எடுத்துக்கொண்டு, மீதியை என் பக்கம் நகர்த்தினார். அவர் குரல் முன்னைவிட உரக்க இருந்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள்.

மகள் நாளை வந்து சேர்வாள் என்றார்கள்.

ஜூலை 18, வெள்ளி

விசாரணை முடிந்தது. சாம்பல் பாறைக்கு நடுவில் ஒரு கை அகலத்துக்குக் கறுப்புப் பட்டை ஒன்று சாய்வாக ஓடியிருக்கிறது. அந்த ஒரே துளை அதைக் குத்திக்கொண்டு போயிருக்கிறது. காலையில் வெப்பமானிக்கு அது சிக்கவில்லை; மருந்தும் மழைநீரும் சேர்ந்து, மணிக்கணக்கில் ஊறித்தான் சூடு ஏறியிருக்கிறது.

பேரூலால் என் அறை வாசலில் வந்து அழுதார். "துளை போடும்போது கொஞ்ச நேரம் கறுப்பாக வந்தது மேடம். ஈரம் என்று நினைத்தேன்."

அவரைத் திட்ட மனம் வரவில்லை. நிறத்தைப் பார் என்று சொல்லியிருந்தேன். ஈரச் சாம்பலும் கறுப்பாகத்தான் தெரியும் என்று நானே சொல்லவில்லை. இனி ஒவ்வொரு துளையின் மண்ணும் காய்ந்தபின் பார்க்கப்படும். மழை மேகம் கண்டால் நிரப்பவே கூடாது.

"ஜெபசிங் அண்ணன் என்னை மன்னிப்பாரா?" என்று கேட்டார். நேரில் போய்க் கேளுங்கள் என்று அனுப்பினேன். போய்வந்து சொன்னார்: "கட்டிப்பிடித்தார். அப்புறம் விலா வலிக்கிறது என்று கத்தினார்."

ஜூலை 30, புதன்

ஊருக்குப் போய்விட்டார்.

மகள் ரூபி கூட இருப்பதால் நல்லபடியாகப் போய்ச் சேர்வார். கெட்டிக்காரப் பெண். மருந்துச் சீட்டெல்லாம் அவள் கையில். உதய்பூர் ஸ்டேஷனில் அவள் தண்ணீர் வாங்கப் போன நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றோம்.

"கிரைண்டர உங்களுக்கே வச்சிட்டுப் போறேன். அதத் தூக்கிட்டு ரயில்ல போக ஒடம்பு கேக்காது."

"எனக்கெதுக்கு அவ்ளோ பெரிசு?"

"கெடக்கட்டும்."

சொல்ல வேண்டியது ஏதோ இருந்தது. இரண்டு பேரிடமும் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். அவர் தண்டவாளத்தைப் பார்த்தார். நான் பெட்டிகளின் பூட்டைச் சரிபார்த்தேன். ரூபி தண்ணீரோடு வந்துவிட்டாள். ரயில் கிளம்பியதும் அவர் ஜன்னல் வழியாக எதையோ கேட்டார். எனக்குக் கேட்கவில்லை. கை மட்டும் அசைத்தேன்.

திரும்பும் வழியில் ஜீப் டிரைவர் பாட்டுப் போட்டார். நிறுத்தச் சொன்னேன்.

ஆகஸ்ட் 6, புதன்

யூரியா கலந்த எமல்ஷனோடு புது லாரி. ஒடிசாக்காரர் ஒருவர் வந்திருக்கிறார், பிரதாப் நாயக். நல்ல வேலைக்காரர். குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

கறுப்புப் பாறையில் முதல் வெடி. துளைகளுக்குள் பிளாஸ்டிக் உறை இறக்கி, அதற்குள் மருந்து இறக்கி, மருந்தும் பாறையும் தொடாமல் பார்த்துக்கொண்டோம். வானம் நிர்மலமாக இருந்தது. புகை இல்லை, நெடி இல்லை. எண்ணி முடித்தேன், பொத்தானை அமுக்கினேன், பாறை சொன்ன இடத்தில் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். சக்சேனா லட்டு வாங்கி வந்தார்.

எனக்கு உடனே ஒருவரிடம் சொல்லவேண்டும்போல் இருந்தது. தமிழில். அதற்கு இப்போது இங்கே யாரும் இல்லை.

போன் செய்தேன். போனில் அவருக்குச் சரியாகக் கேட்பதில்லை.

"கறுப்புப் பாறைல வெடிச்சிட்டோம்!"

"யாரு வெடிச்சிட்டா? அடிபட்டுட்டா?"

"இல்ல, நல்லா வெடிச்சிது! நல்லபடியா!"

"நல்லா இருக்கியளா? நானும் நல்லா இருக்கேன்."

இப்படியே போயிற்று. கடைசியில் ரூபி வாங்கி விஷயத்தைக் கேட்டு அவரிடம் உரக்கச் சொன்னாள். பின்னால் அவர் சத்தம் கேட்டது: "கெட்டிக்காரி! சொன்னேன்லா!"

ஆகஸ்ட் 24, ஞாயிறு

உளுந்து ஊறப்போட்டேன். அரைக்கவில்லை. கொட்டிவிட்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

எழுத்தில் அனுப்புங்கள் என்று நான் சொன்னதால் இப்போது வாட்ஸ்அப்பில் எழுதுகிறார். பேசுகிற மாதிரியே. "அங்க மழ விட்டுட்டா." "காவித் தண்ணி வடியுதா." "தொப்பி போடாம வெயில்ல நிக்காதிய." கேள்விக்குறி போட மாட்டார்.

நான் பதிலுக்குப் பாறையின் நிலவரம் எழுதுகிறேன். வெப்பம், மழை, எத்தனை துளை. வேறு எழுதத் தெரியவில்லை. அனுப்பிவிட்டு, அவர் படித்தாரா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இது ஒரு கெட்ட பழக்கம். போனை வேறு அறையில் வைக்க வேண்டும்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. காலனி முழுக்கப் பட்டாசு. வருஷம் முழுக்க வெடி வைக்கிறவள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். தமயந்தி போன் செய்து அந்த பேங்க் மேனேஜர் இன்னும் காத்திருக்கிறார் என்றாள். காத்திருக்க வேண்டாம் என்று சொல்லிவிடு என்றேன்.

"ஏன்? மனசுல யாராவது இருக்காங்களா?"

பேச்சை மாற்றி, பிள்ளைகள் என்ன உடை எடுத்தார்கள் என்று கேட்டேன். "அத விடு, நான் கேட்டதுக்குச் சொல்லு" என்றாள்.

நவம்பர் 11, செவ்வாய்

அரியலூர் வேலை இல்லையாம். ரூபிதான் சொன்னாள். மருத்துவத் தகுதிச் சோதனையில் தேறவில்லை. ஒரு காது கேட்காதவரை வெடி வைக்கிற இடத்தில் விடமாட்டார்கள். சரியான விதி. நானாக இருந்தாலும் விடமாட்டேன்.

அவர் இதை எனக்கு எழுதவே இல்லை. நேற்று எழுதியது: "இங்க நல்ல காத்து. முருங்க பூத்திருக்கு."

சோதனைக் குழாய்களைக் கழுவும்போது ஒன்று கை தவறி உடைந்தது.

டிசம்பர் 5, வெள்ளி

கறுப்புப் பாறையில் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது. பேரூலால் இப்போது ஒவ்வொரு துளையின் மண்ணையும் தகரத்தில் காயவைத்து, தானே முகர்ந்து பார்த்து, பிறகுதான் என்னிடம் கொண்டுவருகிறார். ஒருநாள் முதல் ஆளாக ஒரு துளையை நிராகரித்தார். சரியாகத்தான் நிராகரித்தார். மூடிவிட்டோம்.

என் இடத்தில் வேறு ஒருவர் நின்றாலும் இனி இந்தச் சுரங்கம் தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்று இன்று முதன்முதலாகத் தோன்றியது. அப்படித் தோன்றியதும் பயமாக இருந்தது. இத்தனை நாள் இதுதானே என் சாக்கு.

பொங்கலுக்கு லீவு எழுதிக் கொடுத்தேன். சக்சேனா காரணம் கேட்டார். சொந்த வேலை என்றேன்.

ஜனவரி 14, புதன்

நெய்வேலி. தமயந்தி வீடு. நாளை பொங்கல். இஞ்சியும் மஞ்சளும் கரும்பும் வாங்கி வந்தோம். சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டே அவளிடம் சொன்னேன். பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், காது போனதையும் சொன்னேன். மற்றதை அவளே விளங்கிக்கொண்டாள்.

"வேற மதம்."

"ஆமாம்."

"காது வேற கேக்காது."

"ஒரு காது கேக்கும்."

தேங்காய் மூடியை என் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, "அவரு ஒன்னக் கேட்டாரா?" என்றாள்.

"இல்ல."

"நீ?"

"இல்ல."

"ரெண்டு பேரும் கல்லோட பழகிப் பழகிக் கல்லாவே ஆயிட்டீங்க" என்று சொல்லி, சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாளை மறுநாள் திருநெல்வேலி பஸ்ஸுக்கு அவளே சீட்டுப் போட்டுவிட்டாள்.

ஜனவரி 17, சனி

சாத்தான்குளம்.

சொல்லாமல்தான் வந்தேன். சொன்னால் வராமல் இருந்துவிடுவேனோ என்று பயம். திருநெல்வேலியிலிருந்து காலைப் பஸ். ஜன்னலுக்கு வெளியே சிவந்த தேரிமண், பனை, முள்வேலி. எந்த வெடிக்கு முன்னாலும் இவ்வளவு பயந்ததில்லை.

தெருமுனையில் ஒரு பலசரக்குக் கடை. கல்லாவில் ஒரு அம்மாள். ஜெபசிங் வீடு எது என்று கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ராஜஸ்தான்லேர்ந்தா வாறிய?"

"ஆமாம். எப்படித் தெரியும்?"

"நீங்க மங்கையர்க்கரசிதான?"

என் முழுப் பெயரை எங்கள் சுரங்கத்தில்கூட யாரும் சொல்வதில்லை, மங்கா மேடம்தான். ஜெபசிங்கும் ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"எங்களுக்குத் தெரியாம என்ன? அவருக்குக் காது போனதுலேர்ந்து சத்தம் எவ்வளவு போடுதோம்னு அவருக்கே தெரியாது. காலையில ஜெபம் பண்ணுவாரு. வீட்டுக்குள்ளதான் பண்ணுவாரு, ஆனா கட வரைக்கும் கேக்கும். மக பேர அடுத்து ஒங்க பேருதான். மங்கையர்க்கரசி நிக்க எடத்துல ஒரு ஆபத்தும் வரக்கூடாதுன்னு. தெனமும். இந்தத் தெருவுல சின்னப் புள்ளையளுக்குக்கூடத் தெரியும்." பிறகு எட்டிக் கையைக் காட்டினாள். "அந்தா, பச்சக் கேட்டு."

எப்படி அந்தக் கேட்டு வரை நடந்தேன் என்று நினைவில்லை.

முற்றத்தில் எனக்கு முதுகு காட்டி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தலை முன்னைவிட நரைத்திருந்தது. இளைத்திருந்தார். சுற்றிக்கொண்டு போய் எதிரே நின்றேன். கையிலிருந்த கொத்தோடு அப்படியே எழுந்து நின்றார்.

"அங்க ஏதும் ஆகிட்டா?" என்றார்.

"ஒண்ணும் ஆகல. எல்லாம் நல்லா இருக்கு."

"பொறவு எதுக்கு வந்திய?"

எத்தனையோ வாக்கியங்களைப் பஸ்ஸில் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. "உங்களக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றேன். "எட்டு நாள் லீவு. திரும்பும்போது நீங்களும் கூட வரணும்."

"அங்க வந்து நான் என்ன செய்ய? இனி படியில கால் வைக்க விடமாட்டாவளே."

"படிக்கு வேண்டாம். என் வீட்டுக்கு."

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். கீரைக் கொத்தைத் திண்டாட்டத்தோடு ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் நின்றுவிட்டாள். அதை அவரும் கவனித்தார். யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று என் பக்கம் குனிந்து, ரகசியமாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்:

"வாரேன் மங்கையர்க்கரசி. நீங்க எப்ப கூப்பிடுவியன்னுதான் இருந்தேன்."

தெரு முழுக்கக் கேட்டது.